முதல் மிடறு

எண்பதுகளின் தொடக்கத்தில் நாகர்கோவிலிலிருந்து இலங்கையின் கல்முனைக்குப் போய், ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, எங்களுக்கு இல்லை. என் வகுப்பில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள். அவர்கள் முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டு, எனக்கு வரும் தேநீரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு நண்பகலில், முன்வரிசைச் சிறுமி மேசையில் சரிந்தாள். தண்ணீர்க் கோப்பையை நீட்டினேன். உதட்டை இறுக மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதட்டினேன், அசையவில்லை. வேதக்காரர் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் நோன்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஊர் திரண்டு வந்தால், இந்தியாக்காரி நான் எங்கே போவேன்? குடிக்காமல் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஆள் அனுப்பியதும் அவளுடைய உம்மா ஓடி வந்தார். நான் வாய் திறப்பதற்குள் கோப்பையைப் பிடுங்கினார். என் முகத்தில் ஊற்றப்போகிறார் என்றே நினைத்தேன். மகளின் வாயருகே கொண்டுபோனார்.

“குடிங்க மகள். சின்னப் புள்ளயளுக்கு நோன்பு கடமையில்ல.”

“ஏலா உம்மா. டீச்சரும் நோன்புதானே? தேத்தண்ணி வந்தாலும் குடிக்கிறல்ல. நான் மட்டும் உடுறதா?”

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோப்பையை என்னிடம் நீட்டினார்.

“டீச்சர், முதல்ல நீங்க குடிங்க.”

நோன்பு மாத நண்பகலில், அத்தனை பிள்ளைகளும் பார்த்திருக்க, ஒரு மிடறு குடித்தேன். சிறுமியின் கண் என் தொண்டையிலேயே இருந்தது. தண்ணீர் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.