மூன்று தீக்குச்சிக் கோணல்

கீழ் கோத்தகிரிப் பக்கம் கரடிமேடு எஸ்டேட்டில் ஃபிட்டர் கொர்னேலியஸைப் பார்த்து யாரும் வாயைப் பிளந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆளே ஐந்தடிக்கு ஒரு விரல் குறைச்சல். இடது கையில் சுட்டுவிரல் நுனி இல்லை. பதினாறு வயதில் எண்ணெய் டப்பாவோடு சுற்றிக்கொண்டிருந்தபோது இலை உருட்டும் மெஷின் அதைத் தின்றுவிட்டது. பிறந்தது எஸ்டேட் கூலி லைன் வீட்டில், படித்தது மிஷன் பள்ளியில் ஐந்தாவது, கல்யாணம் செய்தது கொழுந்து நிறுக்கிற இடத்தில் வேலை பார்த்த பிலோமியை. காதில் ஒரு சாக்குக்கட்டி, சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு. இவ்வளவுதான் மனிதர்.

ஒரே ஒரு விசேஷம் உண்டு. ஃபேக்டரி நிற்கிற நாள் ஞாயிறு ஒன்றுதான். மெஷின் நின்றால்தானே ஃபிட்டருக்கு வேலை? அதனால் ஊரே பூசைக்குப் போகும்போது கொர்னேலியஸ் உத்தரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார். சாமியார் திட்டிப் பார்த்தார், பயமுறுத்திப் பார்த்தார். கொர்னேலியஸ் திங்கட்கிழமை விடியற்காலையில் வெறும் கோயிலுக்குப் போய், முழங்காலிட்டு, மொத்த ஜெபத்தையும் தனியாகச் சொல்லிவிட்டு வருவார். வரும்போது எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைக் கோயில்பிள்ளை கொடுப்பான். அதை நூலில் தேய்த்து விறைப்பாக்கி வைத்துக்கொள்வார்.

அந்த நூல்தான் அவர் பிழைப்பு. ஃபேக்டரிக் கூரைக்கடியில் எழுபதடி நீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு சுழலும்; அதிலிருந்து தோல்பெல்ட்டுகள் இறங்கி எல்லா மெஷின்களையும் ஓட்டும். தண்டு ஒரு மயிரிழை கோணினால் பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து, ஓரம் பிய்ந்து, அறுந்து அடிக்கும். அதற்கு முன்னால் நூல் கட்டிப் பார்த்து நேராக்குவது கொர்னேலியஸ்.

டிரைவர் ஷௌகத் அலிக்கு இவரைக் கண்டால் இளக்காரம். இருக்காதா பின்னே! ஷௌகத் அலி ஊட்டி மெயின் பஜார் துணிக்கடைக் குடும்பம். பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு, முறுக்கின மீசை, பதினெட்டு வருஷ ஓட்டம். எஸ்டேட் துரை பெல்டன் சீமையிலிருந்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வரவழைத்தபோது, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்தவர் அவர்தான். இரண்டே சீட்டு, கம்பிச் சக்கரம், கோழிக்குஞ்சை அணைப்பது போல ஓட்ட வேண்டிய வண்டி. கரி மூஞ்சி ஃபிட்டர் ஒருமுறை அதைத் தொட்டுப் பார்க்க வந்தபோது, "கையக் கழுவிட்டு வாய்யா" என்று விரட்டியவரும் அவர்தான்.

அந்தக் காருக்குத்தான் 1936 ஜூன் மழைக்குப் பிறகு ஒரு வியாதி பிடித்தது. பின்டயர் தேய்கிறது. தேய்மானமா அது? கரைகிறது! ஒரு ஜோடி எட்டு வாரத்தில் போனது. புதிசாக ஒரு ஜோடி மதராஸிலிருந்து வந்தது. அதுவும் தீபாவளிக்கு முன் போனது. குன்னூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஷௌகத் அலி காட்டினார். அவர்கள் முன்சக்கரத்தை அளந்து திருகிவிட்டு, "பின்சக்கரம் திரும்பற சக்கரமா? அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்து அனுப்பினார்கள். ஷௌகத் அலியும் தலையாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஜோடியிலும் தேய்மானம் தெரிந்த வெள்ளிக்கிழமை துரை கொதித்துவிட்டார். "நீ கண்டபடி பிரேக் போட்டு டயரைக் கொல்றே. திங்கட்கிழமை வேற டிரைவர் வர்றான். சாவியை வச்சுட்டுப் போ." நற்சான்றுக் கடிதமும் கிடையாது என்றார். துரை கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாத டிரைவரை நீலகிரியில் எந்த பங்களாவும் வாசலில்கூட நிற்க விடாது. வீடும் எஸ்டேட் வீடு. மனைவி ஆபிதாவுக்கு அது ஏழாம் மாதம். அன்று ராத்திரி அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள், போவதற்கு முன் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஃபேக்டரிப் பக்கம் போனவர், கொர்னேலியஸிடம் புலம்பித் தீர்த்தார். கொர்னேலியஸ் பெல்ட்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க பாய், டயரு முழுசாத் தேயுதுங்களா, ஓரமா?"

"உள்பக்க ஓரம். வெளிய இருந்து பாத்தாத் தெரியாது."

"ரெண்டு பக்கமுமா?"

"வலது கொஞ்சம். இடதுதான் ரொம்ப. இடதை வலதுல மாத்திக்கூடப் போட்டுப் பாத்தேன்யா. அப்பவும் இடதுல இருக்கறதுதான் போகுது."

கொர்னேலியஸ் தேய்ப்பதை நிறுத்தினார். "பிரேக்குப் போட்டாத் தேஞ்சா முழு அகலத்துக்கும் தேயணுமுங்க. உள் ஓரம் மட்டும் தேஞ்சா அது டிரைவர் தப்பு இல்லீங்க. சக்கரம் கோணலா நிக்குது. எங்க பெல்ட்டுக்கு வர்ற அதே சீக்கு."

"பின்சக்கரம் எப்படிய்யா கோணும்?"

"திருப்பறதுக்கு இல்லாத சாமானுங்கூட கோணுமுங்க. நாளைக்குக் கொண்டாங்க, பாத்துப் போடலாம்."

கொண்டுவாருங்கள் என்று சொல்வது சுலபம். சாவி துரையிடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை பக்கத்து எஸ்டேட்காரரோடு அவர் காரில் மீன்பிடிக்கப் போனதும், ஷௌகத் அலி பங்களாக் கொட்டகையிலிருந்து காரைத் தள்ளி, எஞ்சின் ஓடாமலே இறக்கத்தில் உருட்டிக்கொண்டு ஃபேக்டரிக்குள் விட்டார். பிடிபட்டால் திருட்டுப் பட்டமும் சேரும்.

கொர்னேலியஸ் காரைப் பார்க்கவே இல்லை. முதலில் தரையைப் பெருக்கினார். பிறகு மூலையில் குவிந்திருந்த கழிவுத் தேயிலைத் தூளை அள்ளி, கோலமாவு சலிப்பது போலச் சல்லடையால் சிமெண்டுத் தரையில் மெல்லிசாகத் தூவினார். "இப்ப நேராத் தள்ளுங்க, பாய்."

தள்ளினார்கள். கார் தாண்டிப் போனதும் ஷௌகத் அலி திரும்பிப் பார்த்தார். வலது சக்கரத்தின் தடம் கிட்டத்தட்டச் சுத்தம். டயர்மேல் வெட்டியிருந்த பூ ஒவ்வொன்றும் தூளில் பதிந்திருந்தது. இடது தடத்தில் பூவே இல்லை. எல்லாம் இழுபட்டு, ஒரு பக்கமாகத் தூள் வரப்புக் கட்டியிருந்தது.

"யா அல்லா..." என்றார் ஷௌகத் அலி. ஐந்து மாதமாகக் கண்ணுக்குத் தெரியாமல் தன்னைத் தின்றுகொண்டிருந்தது இதோ தரையில் எழுதி வைத்தாற்போலக் கிடக்கிறது!

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவர் பதினெட்டு வருஷத்தில் பார்க்காதது. கொர்னேலியஸ் காரின் அடிச்சட்டத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் சாக்குப்புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளை வைத்துக் காரின் இரண்டு பக்கமும் சக்கரத்தின் பாதி உயரத்தில் இரண்டு நூல் கட்டினார். மெழுகேறிய நூல், தட்டினால் பாடும்போல நின்றது. நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் உள்ள இடைவெளியை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை மூங்கில் குச்சியால் அளந்தார். சக்கரமே நெளிந்திருந்தால் அளவு பொய் சொல்லும் அல்லவா? விளிம்பில் ஒரு சாக்குக்குறி போட்டு, முன்னால் அளந்த அதே இடத்தைப் பாதிச் சுற்றுச் சுற்றிப் பின்னால் கொண்டுவந்து அளந்தார். மனுஷனுக்கு எவ்வளவு சந்தேகம் பாருங்கள்! குச்சி எட்டாத மிச்ச இடைவெளியில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகினார்.

"வலது சரியா இருக்குதுங்க. இடது மூணு தீக்குச்சி வெளிய பாத்து நிக்குது."

"மூணே மூணு தீக்குச்சியா? அதுக்கா மூணு ஜோடி டயரு?"

"ஒரு மைலுக்கு எத்தனை சுத்துங்க பாய்? ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் தரையில உரசிட்டே போகுது. ரோடு அரமாட்ட ராவிப்போடும்."

பிறகு சீமெண்ணெய்த் துணியோடு காருக்கடியில் போனார். "பாய், கொஞ்சம் இப்படி வாங்க."

இடது சக்கரத்துக்கு உள்பக்கமிருந்த தகட்டின் முன்பக்கம் ஒரு நசுங்கல். நசுங்கலுக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

ஷௌகத் அலிக்கு அந்தக் கல் நினைவுக்கு வந்தது. எஸ்டேட் ரோட்டின் மூன்றாவது வளைவில் சுண்ணாம்பு அடித்த ஓரக்கல் ஜூன் மாதம் ஒரு ஞாயிறு காலையில் சாய்ந்து கிடந்தது. ரோட்டு மேஸ்திரி, மழையில் மண் இளகிவிட்டது என்று சொல்லி அதை நிமிர்த்தி நட்டார். முந்தின நாள் சனிக்கிழமை. கிளப்புக்கு டிரைவர் வேண்டாம் என்று துரை தானே ஓட்டிப்போன நாள்.

"அந்தாளு இடிச்சுப்போட்டு என் தலையில கட்டியிருக்கான்! இருக்கட்டும், வரட்டும். இதக் காட்டியே கேக்கறேன்."

கொர்னேலியஸ் படுத்தபடியே அவரைப் பார்த்தார். "கேளுங்க. கேட்டா நியாயம் கெடைக்கும். வேலை கெடைக்குங்களா?"

ஷௌகத் அலி நசுங்கலைத் திரும்பப் பார்த்தார். "ஆபிதாவுக்கு ஏழு மாசம்" என்று மட்டும் சொன்னார். கொர்னேலியஸ் சீமெண்ணெய்த் துணியால் சுண்ணாம்பை அழுத்தித் துடைத்துவிட்டார்.

இனி நிமிர்த்த வேண்டும். பின்அச்சின் குழாய்தான் வளைந்திருந்தது. உள்ளே சுழலும் தண்டை உருவி வைத்துவிட்டு, ஒரு இரும்பு உத்தரத்தைக் குழாய்க்குப் பக்கத்தில் கிடத்தி, சங்கிலியால் பிணைத்து, நடுவில் திருகு ஜாக்கியைக் கொடுத்தார். நெருப்பில் காய்ச்சினால் லேசாக வளையுமே என்று ஷௌகத் அலி கேட்டதற்கு, "காய்ச்சுனா இரும்பு சவமாயிருமுங்க. காய்ச்சாம பச்சையாத்தான் நிமித்தணும்" என்றார். கால்வாசிச் சுற்றுத் திருகுவார். இரும்பு முனகும். தளர்த்துவார், அது பழையபடி திரும்பிக்கொள்ளும், சக்கரத்தை மாட்டி அளப்பார். மறுபடி கொஞ்சம் கூடத் திருகுவார். குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் டிரைவர் வேலை மட்டுமல்ல, ஃபிட்டர் வேலையும் போய்விடும். அந்த நுனியில்லாத விரலைக் குழாயின்மேல் வைத்து, நாடி பார்ப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த கையால் திருகினார். மூன்று தீக்குச்சி இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று.

அப்போதுதான் வாசலில் பூட்ஸ் சத்தம்.

துரை தூண்டிலோடு நின்றார். கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். எதிரே அவருடைய சிவப்புக் கார் சக்கரம் கழன்று, சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறது.

"என்ன இது?" துரையின் முகமும் காரின் நிறத்துக்கு வந்திருந்தது.

கொர்னேலியஸ் தலை தூக்கவில்லை. "சத்தம் போடாதீங்க துரை, நூல் ஆடுது" என்றார்.

கரடிமேட்டில் எந்த துரையிடமும் எந்த ஃபிட்டரும் அப்படிப் பேசியதில்லை. துரை திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் கண் தரையில் கிடந்த இரண்டு தடங்கள்மேல் போனது. வலது, இடது, மறுபடி வலது. பிறகு நூலைப் பார்த்தார். தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

கடைசித் திருகு. சக்கரத்தை மாட்டி, குறியைச் சுற்றி அளந்தார் கொர்னேலியஸ். முன்னால் செருகிய தீக்குச்சி பின்னாலும் அதே இறுக்கத்தில் நின்றது. மிச்சக் கோணல் கிடையாது. தூள் தூவினார்கள். தள்ளினார்கள். இரண்டு தடத்திலும் பூ பூவாகப் பதிந்திருந்தது, ஒரு துளி கலையாமல்.

துரை எழுந்து வந்தார். மண்டியிட்டு, இடது சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எங்கே பார்க்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நேராக நசுங்கின இடத்துக்கே அவர் விரல் போனது. தடவினார். அந்தத் தகடு முழுக்க அழுக்கு; அந்த ஒரு இடம் மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது. அவர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். இருவரும் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

துரை கால்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஷௌகத் அலியின் கையில் வைத்தார். "டிரைவர், வண்டியை நீ கொண்டு வா. நான் நடந்து வர்றேன்" என்றார். தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏற்றத்தில் போய்விட்டார். திங்கட்கிழமை வேறு டிரைவர் யாரும் வரவில்லை.

ஷௌகத் அலி காரின் இடது கதவைத் திறந்தார். "ஏறுங்க."

கொர்னேலியஸ் பின்வாங்கினார். நாற்பது வருஷத்தில் அவர் காரில் உட்கார்ந்ததே இல்லை. "வேண்டாமுங்க பாய். கையெல்லாம் கரி. இன்னும் கழுவலீங்க."

ஷௌகத் அலிக்குச் சுருக்கென்றது. பித்தளைப் பொத்தான் வைத்த தன் காக்கிக் கோட்டைக் கழற்றி, சீட்டின்மேல் விரித்தார். "கழுவ வேண்டாமுங்க. அப்படியே ஏறுங்க" என்றார்.

அவரை ஏற்றிக்கொண்டு பங்களாவுக்கு நேராகப் போகவில்லை; கீழே மூன்றாவது வளைவுவரை போய்த் திரும்பி வந்தார். இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு இறங்கிக் கிடந்தது, கீழே சமவெளி தெரிந்தது, காற்று முகத்தில் அடித்தது. கொர்னேலியஸ் அதில் எதையும் பார்க்கவில்லை. சீட்டில் முழங்காலிட்டு, பின்னால் திரும்பி, கதவுக்கு மேல் கழுத்தை நீட்டி, இடது பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். சுண்ணாம்பு அடித்த கல் கடந்து போனதுகூட அவருக்குத் தெரியாது.

"நேரா ஓடுதுங்க, பாய்" என்றார்.