நடுவில் ஒரு ஜாடி

போன செவ்வாய்க்கிழமை யூசுப் பாய் தன் பீங்கான் கடைக்குள் என்னைக் கூப்பிட்டு, போனை நீட்டினார். "அண்ணே, இத கொஞ்சம் பாருங்க. நீங்க அங்க இருந்தவருதானே?"

திரையில் ஒரு வரைபடம். வெள்ளை வெளேரென்று மலைகள். இடையிடையே ஏழெட்டு ஊர்கள். எல்லாவற்றையும் இணைத்துக் கோடு கோடாய்...

தெரிந்த இடம்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். ஆல்ப்ஸ் மலையில், பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் தங்கும் ஹோட்டலில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பாத்திரம் கழுவினேன். விரல் வெடிக்கும். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு கழுவுவேன்.

பாயின் மகள் நஸ்ரினுக்கும் மருமகனுக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. மருமகன் சவுதியில் சமையல்காரர். கல்யாணமான மாதமே விமானம் ஏறியவர். இப்போது அவருக்கு ஒரு ஊர் ஹோட்டலில் சமையல், இவளுக்கு அடுத்த ஊர் ஹோட்டலில் ரூம் வேலை. சாயங்காலத்துக்குள் ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பக்கத்து ஊருதானாம். பத்து நிமிஷமாம். வேலை முடிஞ்சி ரெண்டு பேரும் ஒரே வூட்டுக்கு வந்துடலாம்ல?" கோட்டின் மேல் விரலை ஓட்டினார் பாய்.

"பாய், அது ரோடு இல்ல. ரோப் கார்."

"படத்துல ஒட்டிக்கிட்டு இருக்குதே!"

மேஜையில் இரண்டு கப் வைத்தேன். நடுவில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி. பார்சல் கட்டும் சணலை இந்தக் கப்பிலிருந்து ஜாடிக்கு மேலே ஏற்றி அந்தக் கப்பில் இறக்கினேன்.

"இது ஓடுற வரைக்கும் பத்து நிமிஷம். சாயங்காலம் ஆனா நிறுத்திடுவாங்க. பெருங்காத்து அடிச்சா பகல்லயும் ஓடாது. அப்புறம் ரோட்டுலதான், மலைய சுத்திப் போவணும். பக்கத்துல இருக்குற மங்கலம்பேட்டையிலேர்ந்து நம்ம விருத்தாசலம் வர திருச்சி போய்ச் சுத்துற மாதிரி."

ஹோட்டல் வேலை முடிவதே ராத்திரி. அப்படியானால்? லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒருநாள் – அதுவும் காற்று வழிவிட்டால்.

பாய் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வேணாம்ணே. சேந்து இருக்கட்டும்னுதானே அனுப்புறேன்?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆனால் சந்தோஷமாக இல்லை.

கடை மூலையில் பீங்கான் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த நஸ்ரின் தலை நிமிராமலே பேசினாள். "மாமா, எங்க அத்தாவ கேளுங்க. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப துபாய்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான் வருவாரு. வந்தா, யாரோன்னு பயந்து அம்மா பின்னாடி ஒளிஞ்சிக்குவேன். அப்ப நடுவுல எவ்ளோ பெரிய ஜாடி இருந்துச்சி?"

பாய் சணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாரத்துல ஒருநாள்னா எனக்குப் போதும் அத்தா. காத்தடிச்சா... அடுத்த வாரம்."

நான் பத்து நிமிடத்தையும் சுற்றுவழியையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாரத்தையும் வருஷத்தையும் ஒப்பிட்டாள். எது தூரம், எது பக்கம் என்பதை வரைபடமா சொல்லும்? இதுவரை எவ்வளவு காத்திருந்தோம் என்பதல்லவா சொல்கிறது!

பாய் ஜாடியை எடுத்து அலமாரியில் வைத்தார். கப் இரண்டும் அப்படியே இருந்தன. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, "ரெண்டு பேரும் வர்றாங்க" என்றார்.

பிறகு மகளுக்குக் கேட்காதபடி என்னிடம் குனிந்தார். "ஏண்ணே... அந்த ரோப் கார் அடிக்கடி நின்னு போவுமா?"

"நிக்கும் பாய். மறுபடி ஓடும்."