ஏழாம் இயந்திரம் ஏன் நின்றது?

மொரீஷியஸின் குட்லண்ட்ஸில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலை. நூல் அறுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கருவியை அங்கே நான்தான் அமைத்தேன். நூலைக் கவனிக்கும் உணரியிலிருந்து சைகை வந்தால், கருவிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அதைக் கவனிக்கும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர்.

ஏழாம் இயந்திரம் மட்டும் நூல் அறாமலே அடிக்கடி நின்றது. அதை ஓட்டும் மரி-க்ளேர் ஓய்வெடுப்பதற்காக உணரியைத் தட்டுகிறாள் என்று முடிவுகட்டினேன். மூன்று நாள் மறைந்திருந்து பார்த்தும் அவள் சிக்கவில்லை. கைதேர்ந்தவள் என்று சந்தேகம் கூடியதுதான் மிச்சம். அவளை வேலையிலிருந்து நீக்கும்படி முறைப்படி மூன்று பிரதிகளில் கடிதம் தட்டச்சு செய்தேன். விளக்கம் கேட்பதும் முறை என்பதால் அவளை அழைத்தேன்.

அந்தத் தீவின் கிரியோல் மொழியில் பொரிந்து தள்ளினாள். "நான் எதையும் தொடல, மிஸ்யே! பக்கத்துல இஸ்திரி மேசை மோட்டாரைப் போட்டாலே இது நின்னுடுது. பயம் உங்க மெஷினுக்குத்தான், எனக்கில்ல!"

அவளோடு இயந்திரத்தருகே போய், இஸ்திரி போடுபவரிடம் மோட்டாரைப் போடச் சொன்னேன். போலீசிடம் மாட்டியவளைப் போல இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி என்னையே பார்த்தாள். இயந்திரம் நின்றது.

மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல், அதாவது பொய்ச் சைகை, உணரிக் கம்பியில் ஏறியிருக்கிறது. அதை என் நிரல் அப்படியே நம்பியிருக்கிறது. சைகை வந்ததும் ஒரு கணம் பொறுத்து மறுபடி சரிபார்க்கும் இரண்டு வரிகளை நான் எழுதவே இல்லை.

கடிதத்தைக் கிழித்தேன்.

"அப்போ தப்பு யாரோடது, மிஸ்யே?"

"கம்பியோடது," என்றேன்.

மூன்று நாள் பார்த்தும் நான் அவளை நம்பவில்லை. அவளோ ஒரே சொல்லில் என்னை நம்பிவிட்டாள். ஓய்வுபெற்று இத்தனை ஆண்டுகளாகியும் அந்தச் சொல்லை நான் திருத்தவில்லை.