இரண்டு முறை வெட்டிய பாட்டு

என் கணவர் எங்கள் நாடகக் குழுவின் இசையமைப்பாளர். பக்கவாதத்தில் அவர் பேச்சு நின்றுபோனபோது, சிகிச்சைக்கு நிதி திரட்டக் குழு ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தது. இசை நாடகங்களுக்காக அவர் மெட்டுப் போட்டு, கடைசியில் வெட்டப்பட்ட பாடல்கள் மட்டும் அதில் இடம்பெறும். நாடகம் நீண்டால் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று பார்வையாளர்கள் எழுந்துவிடுவார்கள். அதனால் எங்கள் குழுவில் முதலில் கத்தரி விழுவது பாட்டின் மேல்தான்.

அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், "பழகின பாட்டு சம்டைம்ஸ் ஹெல்ப் பண்ணும் ஆன்ட்டி. பட் ப்ராமிஸ் பண்ண முடியாது" என்றாள். எனக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டேன். பழைய அடுக்குமாடி வீட்டைக் காலி செய்யும் ஒருத்தி, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் வெற்று அறைகளில் நின்று பாடும் பாட்டு. அதை வெட்டிய அன்று அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மேடையில் அதைக் கேட்டால் ஒரு சொல்லாவது வரும் என்று நம்பினேன். என்னைக் கூப்பிட வேண்டாம், தண்ணீர் என்று கேட்டால்கூடப் போதும்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த அந்த அரங்கில் அவரைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்கார வைத்தேன். சில பாடல்கள் முடிந்ததும் பொன்னாடைகள் வந்தன. எந்த நிகழ்ச்சியானாலும் யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. தலைமை விருந்தினர், சிறப்பு விருந்தினர், சாப்பாட்டுச் செலவை ஏற்றவர் என்று ஒருவர் விடாமல் போர்த்தினார்கள். ஒவ்வொருவரும் 'இரண்டே வார்த்தை' என்று ஆரம்பித்து நிறுத்தாமல் பேசினார்கள். ஒரு சொல்லுக்காக நான் தவம் கிடக்க, இவர்கள் வாரி இறைக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. என் கணவருக்குப் போர்த்தியது சரிந்து தரையில் விழுந்தது.

குழுவின் இயக்குநர் என் அருகே குனிந்தார். "அண்ணி, டைம் முடிஞ்சிருச்சு. ஹால்காரங்க லைட் போடப் போறாங்க. லாஸ்ட் பாட்டு மட்டும் கட் பண்ணிடுறோம்."

"அன்னிக்கும் அதத்தான் கட் பண்ணீங்க, தம்பி."

"நான் என்ன செய்யிறது லா, அண்ணி."

பாட வேண்டிய பெண் அலங்காரத்தோடு மேடை ஓரத்தில் நின்றாள். அரங்க விளக்குகள் எரிந்தன. எல்லோரும் பிரியாணிப் பொட்டலம் வாங்க நகர்ந்தார்கள்.

சக்கர நாற்காலி ஏறும் டாக்சிக்காகப் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். எனக்குப் பாட வராது. ஆனால் நான் துணி மடித்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெட்டுப் போட்ட பாட்டு அது. வேறு வழி தெரியாமல் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து பாடினேன். பல்லவி ஒப்பேறியது. சரணத்தில் மேலே போக முடியாமல் குரல் பிசிறியது.

அவருடைய இடது கை நாற்காலிப் பிடியிலிருந்து எழுந்தது. உள்ளங்கை என்னைப் பார்த்து நின்றது. ஒத்திகையில் யாராவது சுருதி தப்பினால் அப்படித்தான் நிறுத்துவார். பிறகு ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றுவார், முதலிலிருந்து என்று. அந்த விரல் மெல்லச் சுற்றியது.

சொல் எதுவும் வரவில்லை. வாய் கோணலாகவே இருந்தது. டாக்சி வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து பாடினேன். அதே இடத்தில் கை மறுபடியும் எழுந்தது.