கணேசமூர்த்தியின் நீரடித் துப்பாக்கி

1958ஆம் ஆண்டு தை மாதம், மலாக்காவின் காஜா பேராங்கில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டு வந்த கருணாகரன், வீட்டுக்காரரை முதன்முதலில் பார்த்தது முதுகுப் பக்கமாகத்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தகர டிரம்மில் தோள்வரை கையை விட்டுக்கொண்டு ஒருவர் குனிந்து நின்றார். தண்ணீருக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்டது. கையை வெளியே எடுத்தபோது, அதில் பிள்ளைகள் தீபாவளிக்கு வாங்கும் பொட்டுவெடித் துப்பாக்கி இருந்தது. ஊறிப்போன சிவப்புக் காகிதச் சுருள் அதிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது.

“மருந்து நனையுது. அது ஒண்ணுதான் பிரச்சினை,” என்றார், வந்தவன் யாரென்றுகூடக் கேட்காமல்.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் கருணாகரன். பௌதிகத்தில் பட்டம் வாங்கி, மலாக்காவில் ஆசிரியர் வேலைக்கு வந்திருந்தான். நீருக்கடியில் துப்பாக்கி சுடுவதில் உள்ள சிக்கல்களில் மருந்து நனைவதுதான் மிகச் சின்னது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அறை வேண்டியிருந்தது. வாடகை எவ்வளவு என்று கேட்டான்.

வீட்டுக்காரர் கணேசமூர்த்தி தம்மைத் துப்பாக்கி மேஸ்திரி என்று சொல்லிக்கொள்வார். ஜப்பான் சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் பதினோரு வருஷம் பீரங்கிகளைப் பிரித்துப் பூட்டியதாகத் தெங்கேரா காப்பிக் கடை முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பூங்காவனம் அதைக் கெடுக்க நினைத்தவளல்ல; ஒருநாள் வாடகைக்காரனுக்குத் தேநீர் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். பட்டறையில் அவருக்குப் பெட்டிகள்மேல் வெள்ளைச் சாயத்தில் நம்பர் எழுதுகிற வேலையாம். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்குமாம். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி விற்று, அதன் பிறகு மலாக்கா வந்து தையல் மெஷின் பழுது பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு மெஷினையும் பூட்டி முடித்த பிறகு இரண்டு மூன்று திருகாணிகள் மிஞ்சும். கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டுவிட்டான் என்பார். கூசாமல் சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் பொன்னுதுரை தம் துப்பாக்கியைக் கொடுத்தார்.

பொன்னுதுரைக்குப் புக்கிட் பாருவுக்கு அப்பால் கொஞ்சம் ரப்பர் நிலம் உண்டு. காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய ஒரு குழல் துப்பாக்கியும் உண்டு. தெங்கேராக் கடலில், மரக்கால்களை நட்டு வலை இறக்கும் ஒரு கேலோங்கிலும் பங்கு இருந்தது. அந்தக் கேலோங்கின் காலடியில் ஆள் உயரக் கெராப்பு மீன் ஒன்று குடியேறி, வலையைக் கிழித்து மற்ற மீன்களைத் தின்றுகொண்டிருந்தது. மேலே நின்று சுட்டுப் பார்த்தார்கள். ரவை தண்ணீரைத் தொட்டதும் சோர்ந்துபோய், மிளகு கொட்டினாற்போல அடியில் இறங்கியது. அப்படியானால் துப்பாக்கியையே கீழே கொண்டுபோய்ச் சுட வேண்டியதுதான் என்றார் கணேசமூர்த்தி. முதலாளி என்ற பொருளில் எல்லோரும் தவுக்கே என்றழைக்கும் பொன்னுதுரை சரியென்று தலையை ஆட்டினார். கீழே இறங்குகிறவன் மருதமுத்து என்று முடிவாயிற்று.

மருதமுத்து கேலோங்கில் மூழ்கி வலை தைப்பவன். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். கை ஓடினால்தான் அவன் வீட்டு அடுப்பு எரியும். அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

காப்பிக் கடையில் கணேசமூர்த்தி இதை விளக்குவதைக் கேட்டுக்கொண்டு கருணாகரனால் சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் காற்றைப் போல எண்ணூறு மடங்கு கனம், உருண்டை ரவை அதில் உடனே வேகம் இழந்துவிடும், ஆணி மாதிரி நீளமாக இருந்தாலாவது கொஞ்சம் போகும் என்று பாடம் நடத்தினான். பிறகு, “உங்க ரவை ரெண்டு முழங்கூடப் போகாது மேஸ்திரி. மீனுக்குக் கிச்சுகிச்சு மூட்டலாம்,” என்றான்.

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பின் சுகத்தில், சொல்லியிருக்க வேண்டிய பெரிய விஷயத்தைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். ரவை எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொன்னான். குழல் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவனம் துணி காயப்போட்டுக்கொண்டே, புருஷன் ராத்திரி இரண்டு தோட்டாக்களைப் பிரித்து மருந்து முழுவதையும் ஒன்றிலேயே அடைத்ததாகச் சொன்னாள். இடம் போதாமல் பாதி ரவையைக் கொட்டிவிட்டாராம். சார் சொன்ன குறையைச் சரி பண்ணியாச்சு என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போயிருக்கிறாராம்.

கருணாகரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சைக்கிளை எடுத்தான். தெங்கேராக் கரையில் கேலோங்குக்குப் போகும் சம்பான் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஓடிப்போய் ஏறினான்.

கேலோங்கில் ஏற்பாடுகள் கோயில் திருவிழாபோல இருந்தன. காகித உறைத் தோட்டாவை மெழுகில் முக்கி எடுத்திருந்தார்கள். மெழுகு தடித்துக் குழலுக்குள் நுழையாததால் மேஸ்திரி அதைப் பிளேடால் சுரண்டியிருந்தார். குழலின் வாயை அடைக்கச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். அதுதான் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம். பொன்னுதுரை அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தம் தோட்டத்துப் பாலை உறையவைத்துத் தட்டிய ரப்பர் சீட்டைக் கொடுத்தார். முதல் தரச் சீட்டு, இதைவிட எது தண்ணீரைத் தடுக்கும் என்று கேட்டார். செருப்புத் தோல் தடிமன் உள்ள அந்தச் சீட்டை மடித்துக் கயிற்றால் கட்டியதில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு வாய்க்காலாக இருந்தது. தவுக்கேயின் சீட்டைக் குறை சொல்ல மேஸ்திரிக்குத் துணிவில்லை.

மருதமுத்து துப்பாக்கியை வாங்கித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தான். குழல் வாயிலிருந்து குமிழிகள் வந்தன.

“அது உள்ள இருக்கிற காத்து,” என்றார் கணேசமூர்த்தி. “போயிட்டா நின்னுடும்.”

“காத்து போற எடத்துக்கு என்னா வரும், மேஸ்திரி?” என்று கேட்டுவிட்டு, மருதமுத்து கருணாகரன் பக்கம் திரும்பினான். “சார், நீங்க படிச்சவங்க. நெசத்தச் சொல்லுங்க. என் கை இருக்குமா?”

“இருக்காது,” என்றான் கருணாகரன். “கொழாய்ல பூந்த தண்ணிய ரவை தள்ளணும். தண்ணி நசுங்காது, சட்டுனு ஒதுங்காது. போக எடமில்லாத வேகத்த இரும்புதான் வாங்கும். மருந்து வேற ரெண்டு மடங்கு. இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“படிச்சவங்களுக்குப் பயம் ஜாஸ்தி,” என்றார் கணேசமூர்த்தி.

மருதமுத்து துப்பாக்கியை அவரிடம் நீட்டினான். “அப்ப நீங்க எறங்குங்க. நான் மேல நின்னு பாக்குறேன்.”

மேஸ்திரிக்குக் காதில் சீழ் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டர் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாதென்று சொல்லியிருக்கிறாராம். பொன்னுதுரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதமுத்து துப்பாக்கியோடு இறங்கி, அதை வெளிப்பக்கத்து மரக்காலில் நீருக்கடியில் இறுகக் கட்டினான். விசையில் மாட்டிய கயிற்றின் நுனியோடு மேலே வந்து எல்லோரையும் மறுபக்கம் தள்ளி நிற்கச் சொன்னான். கயிறு கட்டி இழுப்பதெல்லாம் சோதனையாகாது என்று மேஸ்திரி முனகினார். மருதமுத்து இழுத்தான்.

பெரிய சத்தம் இல்லை. யாரோ அடியிலிருந்து பலகையை உதைத்ததுபோல ஓர் அதிர்ச்சி. தண்ணீர் ஒருமுறை உப்பி அடங்கியது. மேலே இழுத்தபோது குழல் உரித்த வாழைப்பழம்போல நாலாகப் பிளந்து விரிந்திருந்தது. குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கிற கட்டையில் ஒரு சாண் அளவுக்கு மரமே இல்லை. கெராப்பு மீன் வலைக்குள் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிழலுக்குப் போனது.

மருதமுத்து அந்தக் கட்டை இருந்த இடத்தில் தன் இடது கையை வைத்துப் பார்த்தான். பிறகு கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“தண்ணிக்குள்ள வெடிச்சிச்சா, இல்லியா?” என்று கேட்டார் கணேசமூர்த்தி. அவர் முகத்தில் வெற்றிக் களை.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அரசாங்கம் போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத நாட்கள் அவை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் போலீஸில் பதில் சொல்ல வேண்டும். பொன்னுதுரையின் லைசென்ஸ் போயிற்று. விசாரணையில் கணேசமூர்த்தி, மருந்து அளவெல்லாம் தம் வீட்டில் குடியிருக்கும் பி.எஸ்.சி. வாத்தியார் போட்ட கணக்கு என்று கைகூப்பிச் சொன்னார். கருணாகரன் ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மருதமுத்து வந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அந்த வாரமே அறையைக் காலி செய்தான். தன் மேல் வந்த பழி முழுப் பொய்யென்று அவனால் சொல்ல முடியவில்லை. அதற்காகவும் அந்த ஆளை அவன் மன்னிக்கவில்லை.

மருதமுத்து இப்போதும் அதே கேலோங்கில் வலை தைக்கிறான். கணேசமூர்த்தி புக்கிட் பாருவில் ஒரு பலகைக் கிடங்கில் காவல்காரராக இருக்கிறார்.