லேமினேஷன் செய்யாத நாலு படங்கள்

என் வீட்டுக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருக்குப் பரிந்து பேச நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

நான் கார் நிக்கோபாரில் டீச்சராக இருந்தபோது, குவார்ட்டர்ஸோடு சேர்த்து என் சர்ட்டிபிகேட் எல்லாம் சுனாமியில் போய்விட்டன. போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தபின், நகல் வாங்க இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் அவர்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு காகிதம் தப்பியதில்லை. ரேஷன் கார்டு, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றுக்கும் லேமினேஷன். அப்போது ஊரே அப்படித்தான் இருந்தது.

நான் சேர்த்தது வேறு காகிதம். லீவில் சென்னை போகும்போதெல்லாம் இன்றைய ஓவியர்களின் அச்சுப் படம் ஒன்று வாங்குவேன். பலகையில் செதுக்கி, மை தடவி, கையால் அழுத்தி எடுப்பது. இருபது பிரதிதான் எடுப்பார்கள். ஒவ்வொன்றின் கீழேயும் ஓவியரே பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போடுவார். அதை பிவிசி பைப்புக்குள் சுருட்டி, கப்பலில் மூன்று நாளும் மடியிலேயே வைத்துக் கொண்டுவருவேன். அப்படி ஐந்து சேர்ந்தன.

ஒரு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தால், மேஜைமேல் ஒரு படம் பளபளவென்று கிடக்கிறது. பிளாஸ்டிக் உருகி ஒட்டிவிட்டது, இனிப் பிரிக்க முடியாது. பலகையின் அழுத்தம் விரலுக்குத் தட்டவே இல்லை.

"மிச்சம் நாலும் கடையிலதான் இருக்கு. இன்னிக்கே முடிச்சுத் தரேன்னான்" என்றார் வீட்டுக்காரர், பெருமையாக.

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். கடைக்காரர் அடுத்த படத்தை மெஷினில் கொடுக்கப் போனார்.

"ஏக்தம் பக்கா மேடம். சுனாமி வந்தாலும் குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆகாது."

"வந்தா வரட்டும். என் படத்தைக் கொடுங்க" என்றேன். அவர் கையிலிருந்து பிடுங்காத குறைதான்.

நாலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரரைப் பிடிபிடி என்று பிடித்தேன்.

"திரும்பவும் தண்ணி வந்தா என்ன பண்ணுவே?" என்றார்.

"போனாப் போகட்டும். இருக்கிற வரைக்கும் அது படமா இருக்கட்டும். அதை ரேஷன் கார்டாக்க நீங்க யாரு?"

மேஜைமேல் கிடந்த பளபளப்பான படத்தை அவர் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உன் சர்ட்டிபிகேட்டை அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டேன். இது போச்சுன்னா நான் எந்த ஆபீஸ்ல போய் நிக்கறது?"

 இருந்தாலும் சுத்தியலை எடுத்து, ஹால் சுவரில் ஆணி அடித்து, கிளிப் போட்டு, நாலையும் வெறும் காகிதமாகவே மாட்டினேன்.