மூடி சிறிய பாட்டில்

தன் உணவைத் தான் மட்டும் உண்பது எந்தக் கட்டத்தில் பிறரை மறுப்பதாகிவிடுகிறது? திண்டிவனத்தில் வேலை பார்த்த இரண்டாம் ஆண்டில் இந்தக் கேள்வியை நான் எதிர்கொள்ள நேர்ந்தது. நான் என்ன உண்கிறேன் என்பது யாரையும் பாதிக்காது என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

அப்போது விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தேன். ஒருத்திக்குச் சமைத்தால் குழம்பு மிஞ்சும். மிஞ்சியதைக் கொட்டும்போது மனம் உறுத்தும். அதனால் கைப்பேசியில் பார்த்து, பாட்டிலில் அடுக்கும் சாலட் செய்யக் கற்றேன். காலியான ஊறுகாய் பாட்டிலைக் கொதிநீரில் கழுவிக் காயவைப்பேன். அடியில் எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும். அதன்மேல், சாற்றில் ஊறினாலும் குழையாத கொய்யாத் துண்டுகள். பிறகு சீஸ், மாதுளை முத்துகள், உச்சியில் புதினா. வரிசை மாறினால் மதியத்துக்குள் எல்லாம் கூழாகிவிடும். காலை ரயிலில் அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு போவேன். முந்தைய மாலை முழுதும் எவரிடமும் பேசியிராத நாட்களில், கண்ணாடி வழியே அந்த அடுக்குகளைப் பார்த்திருப்பதே துணையாக இருந்தது.

வேலை, பெண்களுக்கான தையல் பயிற்சி மையத்தில்; அங்கே நடக்கும் மாதக் கூட்டங்களில் பேசுவதும் என் பொறுப்பு. மதியம் பாய் விரித்து மூவர் உண்போம்: நான், தையல் ஆசிரியை, பெருமுக்கல் பக்கத்திலிருந்து வரும் உதவியாளர் அக்கா. டப்பாவைத் திறந்ததும் முதல் பிடியை அடுத்தவர் டப்பா மூடியில் வைத்த பிறகே உண்பது அங்கே வழக்கம். அக்கா என் மூடியில் மல்லாட்டை என்று அவர் சொல்லும் வேர்க்கடலைத் துவையலை வைத்து, "துன்னு தங்கச்சி, காத்தடிச்சா பறந்துடுவ போல" என்பார். அவருடைய பெற்றோர் நிலமற்ற கூலிகள். ஊரில் சில வீடுகளில் தன் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள் என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

என் பாட்டிலின் மூடியோ உள்ளங்கை அளவுகூட இல்லை. அடுக்கைக் கலைக்காமல் எடுத்துக் கொடுக்கவும் முடியாது. கொடுக்க இயலாதவள் வாங்கக் கூடாது என்று எண்ணி, "வேணாங்க்கா, எனக்கு இதுவே போதும்" என்று நீண்ட கரண்டியால் உண்டேன். அதை நேர்மை என்று கருதினேன். இரண்டு வாரங்களில் அக்கா துவையல் கொண்டுவருவதை நிறுத்தினார். நான் காரணம் கேட்கவில்லை.

ஒருநாள் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது உள்ளே அவர் குரல் கேட்டது.

"அது இன்னா சாப்பாடு டீச்சர், ஊறுகா பாட்டில்ல போட்டுப் பூட்டிக்கினு? நம்ம கை படக்கூடாதுன்னுதான?"

"அய்ய, டயட்டா இருக்கும்க்கா" என்று ஆசிரியை சிரித்தார்.

"மீட்டிங்ல மட்டும் எல்லாரும் சமம்னு நல்லாப் பேசறாங்க."

நான் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றேன்.

மறுநாள் பெரிய பாட்டில் ஒன்றை நிரப்பி, தட்டையும் எடுத்துச் சென்று, இருவர் முன்னிலையிலும் கவிழ்த்தேன். சாறு தட்டை மீறிப் பாயை நனைத்தது. "நேத்து நீங்க பேசினது கேட்டுச்சுக்கா. சத்தியமா அப்படி இல்ல. குடுக்க வழி இல்லாம எப்படி வாங்கறதுன்னுதான்..."

அக்கா ஒரு சீஸ் துண்டை வாயிலிட்டு முகம் சுளித்தார். "சோப்புக் கட்டியாட்டம் இருக்குது. இதுக்கா இம்மாம் அடுக்கு?" ஆசிரியையோடு நானும் சிரித்தேன். பிறகு அக்காவின் குரல் தாழ்ந்தது. "திருப்பிக் குடுப்பீங்கன்னா நான் வச்சேன்? சரி, விடுங்க மேடம்."

அதுவரை அவர் என்னை மேடம் என்று அழைத்ததில்லை.

அதன்பின் நான் வாய் அகன்ற எவர்சில்வர் டப்பாவில் சோறு கொண்டுபோனேன். முதல் பிடியை அக்காவின் மூடியில் வைத்தேன், அவர் மறுக்கவில்லை. துவையலும் திரும்ப வந்தது. ஆனால் நான் அந்த வேலையை விடும்வரை, "வைக்கட்டுமா மேடம்?" என்று கேட்காமல் அவர் என் மூடியில் எதையும் வைக்கவில்லை.